காற்றை நுகத்தில் பூட்டிய சிறுவன்

அறிவியல் இதழில் திரைப்படத்தைப் பற்றி எழுதுவது அவ்வளவாக வழக்கமில்லை. ஆனால் ஒரு சைக்கிள் டைனமோவையும், பழைய டிராக்டர் விசிறி ஒன்றையும், பட்டினி கிடந்த ஒரு குடும்பத்தையும் வைத்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதை இங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது? 'தி பாய் ஹூ ஹார்னஸ்ட் தி விண்ட்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். காளையை நுகத்தில் பூட்டுவதுபோலக் காற்றைப் பூட்டி வேலை வாங்கிய சிறுவன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகெங்கும் வெளிவந்தது. சுவெட்டெல் எஜியோஃபோர் என்னும் நடிகர் இதை இயக்கியதோடு சிறுவனின் தந்தையாகவும் நடித்திருக்கிறார். சிறுவனாக நடித்தவரின் பெயர் மேக்ஸ்வெல் சிம்பா. மின்காந்தவியலை மையமாகக் கொண்ட படத்தில் மேக்ஸ்வெல் என்ற பெயரைக் கண்டதும் ஓர் இயற்பியல் ஆசிரியனுக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நீங்கள் மன்னித்துவிட வேண்டும்!

இது கற்பனைக் கதையன்று. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே கடற்கரையற்ற நாடாகிய மலாவியில், மசிதாலா என்னும் சிற்றூரில் வளர்ந்த வில்லியம் கம்க்வாம்பா என்பவரின் வாழ்க்கை. அவர் 1987இல் பிறந்தவர். பிரையன் மீலர் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 2009இல் வெளியாயிற்று. படத்துக்கு அடிப்படை அந்த நூல்தான்.

படம் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றுக்கும் அவ்வூர் மக்கள் பேசும் சிச்சேவா மொழியில் ஒரு தலைப்பு: விதைப்பு, வளர்ச்சி, அறுவடை, பசி, காற்று. இந்த வரிசையைச் சற்றே கவனியுங்கள். அறுவடைக்கு அடுத்தபடியாக வருவது பசி! படத்தின் மிகச் சிறந்த பகுதி இந்த நான்காம் பகுதிதான் என்பது என் கருத்து. காற்றாலை வரும் ஐந்தாம் பகுதியில் இயற்பியல் நோக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அதற்கு முன், பசி எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலாவியின் உழவர்களுக்கு முதன்மையான உணவு மக்காச்சோளம். அதன் மாவைக் களியாகக் கிண்டி உண்கிறார்கள். 'ன்சிமா' என்பது அதன் பெயர். மழையை நம்பிய வேளாண்மை ஆதலால் ஆண்டுக்கு ஒரே விளைச்சல். ஆண்டின் இறுதியில் மழை தொடங்கியதும் விதைப்பார்கள். மார்ச், ஏப்ரல் வாக்கில் அறுப்பார்கள். எனவே சனவரி, பிப்ரவரி மாதங்களில் வயலில் பயிர் நிற்கும், குதிரில் தானியம் இராது. நல்ல ஆண்டிலேயே அவை இறுக்கமான மாதங்கள். 2001ஆம் ஆண்டோ முதலில் வெள்ளம் வந்தது, பிறகு மழை நின்றது. விளைச்சல் குறைந்தது. புகையிலை பதப்படுத்தவும் அடுப்பெரிக்கவும் மரங்களை வெட்டித் தீர்த்திருந்த நிலத்தில் வெள்ளம் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போயிற்று. இத்தகைய காலத்திற்கென்றே அரசிடம் ஒரு தானியக் கையிருப்பு இருந்தது. அதுவும் அதற்கு முன்பே விற்கப்பட்டிருந்தது. யார் சொல்லி விற்றார்கள், பணம் எங்கே போயிற்று என்ற கேள்விகள் பின்னர் நெடுநாள் நீண்டன. சந்தையில் மக்காச்சோளத்தின் விலை பன்மடங்கு ஏறியது. நாடு பேரிடரில் இருப்பதாக அரசு அறிவித்தது 2002 பிப்ரவரியில்தான். அதற்குள் மக்கள் தவிட்டையும் வேர்களையும் தின்னத் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

கம்க்வாம்பாவின் வீட்டில் நாளுக்கு ஒரு வேளை உணவு என்றாயிற்று. ஒரு வேளை என்றால் சில கவளங்கள். அப்போது வில்லியத்துக்கு வயது 14. உயர்நிலைப் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். கட்டணம் கட்ட இயலாமையால் வெளியேற்றப்பட்டான்.

பசியையும் நாம் வாட் கணக்கில் அளக்கலாம். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் ஆற்றல் செலவானால் அதன் திறன் ஒரு வாட். வளரும் வயதிலுள்ள 14 வயதுச் சிறுவனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 கிலோ கலோரி உணவு வேண்டும். ஜூல் கணக்கில் அது ஒரு கோடிக்குச் சற்று மேல். ஒரு நாளில் 86,400 நொடிகள். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 120 வாட்! அதாவது நாம் ஒவ்வொருவரும் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும் 120 வாட் விளக்குகள். இதில் மூளையின் பங்கு மட்டும் 20 வாட் அளவுக்கு இருக்கும். உண்ணாதபோதும் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்வதில்லை. தசையை அரித்தாவது எடுத்துக்கொள்ளும். படத்தில் சிறுவனின் முகம் பகுதிக்குப் பகுதி ஒட்டிப்போவதைக் காணும்போது இந்தக் கணக்கு என் நினைவுக்கு வந்தது. வகுப்பில் காலை உணவில்லாமல் வந்து பின்வரிசையில் உறங்கும் மாணவனைச் சோம்பேறி என்று சொல்லுமுன், ஆசிரியர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நூலகமும் மொழியும்

பள்ளிக்கூடம் கதவை மூடியபோது திறந்திருந்தது ஒரு சிறு நூலகம். அவ்வூர் ஆரம்பப் பள்ளியில், வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த புத்தகங்களைச் சில அலமாரிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். விடுபட்ட பாடங்களைத் தானே படித்துக்கொள்ளலாம் என்று வில்லியம் அங்கே போனான். அவன் கையில் சிக்கிய புத்தகங்களில் ஒன்று 'யூசிங் எனர்ஜி'. அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான பாடநூல். அதன் அட்டையில் வரிசையாகக் காற்றாலைகள் நின்றன.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவன் என்ன செய்தான் தெரியுமா? முதலில் படங்களைப் பார்த்தான். 'படம் 10' என்று போட்டிருந்தால், அந்தப் படம் 10 என்ற சொல் பாடத்தில் எங்கெங்கு வருகிறதோ அங்கெல்லாம் தேடிப் பிடித்தான். அதைச் சூழ்ந்திருந்த புரியாத சொற்களைக் குறித்துக்கொண்டு நூலகப் பொறுப்பாளரிடம் பொருள் கேட்டான். தமிழ் வழியில் பயின்றுவிட்டுக் கல்லூரியில் ஆங்கில நூலைத் திறந்து திகைத்து நிற்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு இதைவிடச் சிறந்த வாசிப்பு முறையை என்னால் சொல்ல முடியவில்லை. அறிவியல் நூலில் படம்தான் தாய்மொழி. காந்தமும் கம்பிச் சுருளும் வரையப்பட்ட ஒரு படத்தில் எந்த மொழிக்காரனும் வட முனையைக் கண்டுகொள்வான்.

அந்தக் காந்தம், கம்பிச் சுருள் பற்றிய உண்மையைக் கண்டவரும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைதான். மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். 1801இல் இங்கிலாந்தில் தானிய விலை ஏறியிருந்தபோது, வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று கொடுத்து அதைக்கொண்டே ஏழு நாளும் ஓட்டச் சொன்னார்களாம். 14ஆம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே இயற்பியலும் வேதியியலும் கற்றார். கம்பிச் சுருளின் வழியே செல்லும் காந்தப் புலம் மாறினால் அச்சுருளில் மின்னோட்டம் தோன்றும் என்று அவர் கண்டுபிடித்தது 1831இல். சைக்கிள் டைனமோ அந்தக் கண்டுபிடிப்பின் கைக்குழந்தை.

டைனமோவுக்குள் இருப்பது என்ன?

இப்போது வரும் சைக்கிள்களில் டைனமோவைக் காண்பது அரிது. பழைய இரும்புக் கடையில் தேடினால் கிடைக்கும். கிடைத்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு நிலைக் காந்தம் அச்சில் சுழலும். அதைச் சுற்றிக் கம்பிச் சுருள் அசையாமல் இருக்கும். காந்தம் சுழலச் சுழல, சுருளின் முன்பு வட முனையும் தென் முனையும் மாறி மாறி வரும். அதனால் மின்னோட்டமும் இப்படியும் அப்படியுமாக மாறி மாறிப் பாயும். இதுவே மாறுதிசை மின்னோட்டம்.

பிரிப்பதற்கு முன் இன்னொன்றும் செய்து பாருங்கள். விளக்கை இணைக்காமல் டைனமோவின் தலையை விரலால் சுழற்றுங்கள்; எளிதாகச் சுழலும். விளக்கை இணைத்துவிட்டு வேகமாகச் சுழற்றுங்கள். ஏதோ உள்ளிருந்து எதிர்ப்பதுபோல் இருக்கும். அந்த எதிர்ப்பை வென்று உங்கள் விரல் செய்யும் வேலைதான் விளக்கில் ஒளியாகிறது. லென்சின் விதியைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதும் மாணவர்களில் எத்தனை பேர் அதை விரலால் உணர்ந்திருப்பார்கள் என்பது எனக்கு ஐயமே.

படத்தில் சிறுவன் டைனமோவை முதலில் காண்பது ஆசிரியரின் சைக்கிளில். நூலின்படி, அவனுக்கு டைனமோ கிடைத்தது நண்பன் கில்பர்ட் தன் பையிலிருந்த காசைக் கொடுத்து வாங்கித் தந்ததால்தான். பஞ்சம் கடந்துவந்த ஊரில் ஒருவன் தன் காசை நண்பனின் 'கிறுக்குத்தன'த்துக்குக் கொடுத்திருக்கிறான்! தனியொரு சிறுவனின் மன உறுதி என்று நாம் புகழும்போது இந்தக் கில்பர்ட்டுகளை மறந்துவிடுகிறோம்.

மற்றவை எல்லாம் குப்பையிலிருந்து வந்தவை. டிராக்டரின் விசிறி ஒன்று, அதிர்வுதாங்கி ஒன்றின் தண்டு, தந்தையின் சைக்கிள். பிளாஸ்டிக் நீர்க்குழாயை நீளவாக்கில் அறுத்து, நெருப்பில் வாட்டித் தட்டையாக்கி, விசிறியின் இறக்கைகளோடு சேர்த்து நீட்டினான். துளைபோடக் கருவி இல்லை. ஆணியைப் பழுக்கக் காய்ச்சினான், மக்காச்சோளக் கதிரின் சக்கையே கைப்பிடி. வாஷர் இல்லை, புட்டி மூடிகளைத் தட்டித் துளையிட்டான். தைல மரக் கம்பங்களை நட்டு 5 மீட்டர் உயரக் கோபுரம்.

சைக்கிளைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். காற்றாலை விசிறி மெதுவாகச் சுற்றும். நொடிக்கு ஒரு சுற்று என்று கொள்வோம். டைனமோ ஒளிதர நொடிக்குப் பல பத்துச் சுற்றுகள் வேண்டும். இந்த இடைவெளியைச் சைக்கிள் நிரப்புகிறது. விசிறியை மிதிகட்டை இருக்கும் அச்சில் பொருத்தினான். அங்குள்ள பெரிய பற்சக்கரத்திலிருந்து சங்கிலி பின்சக்கரத்தின் சிறிய பற்சக்கரத்துக்குப் போகிறது. இதனால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். பின்சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர். அதன்மேல் உரசும் டைனமோ தலையின் சுற்றளவு 6 சென்டிமீட்டர் சொச்சம். ஆகவே சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு டைனமோ 32 முறை சுற்றும். இரண்டையும் பெருக்கினால் 80. விசிறி நொடிக்கு ஒருமுறை சுற்ற, காந்தம் நொடிக்கு 80 முறை சுற்றுகிறது! ஒருவர் சுமாரான வேகத்தில் மிதித்துச் செல்லும்போது டைனமோ எப்படிச் சுற்றுமோ அதே வேகம். மனிதக் காலுக்கென்று செய்யப்பட்ட பற்சக்கரங்கள் காற்றின் காலுக்கும் பொருந்திவிட்டன.

காற்றிடம் எவ்வளவு வாங்கலாம்?

விசிறியின் விட்டம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது சுற்றும்போது 3.14 சதுர மீட்டர் பரப்பைத் துழாவும். காற்று நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொண்டால், நொடிக்கு 12.5 கன மீட்டர் காற்று அப்பரப்பின் வழியே போகிறது. அந்தப் பகுதி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே உள்ள மேட்டு நிலம். அங்கே ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஒரு கிலோகிராமுக்கு ஒட்டி இருக்கும். எனவே நொடிக்கு 12.5 கிலோகிராம் காற்று. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கியது. 12.5இல் பாதி 6.25, அதை 16ஆல் பெருக்க 100 வருகிறது. நொடிக்கு 100 ஜூல், அதாவது 100 வாட்.

இதை முழுவதும் எடுத்துவிட முடியாது. முழுவதும் எடுத்தால் காற்று விசிறியின் பின்னால் அசையாது நின்றுவிடும். அடுத்து வரும் காற்றுக்கு வழி ஏது? எத்தனை நல்ல விசிறியானாலும் நூற்றில் 59 பங்குக்கு மேல் எடுக்க இயலாது என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பெர்ட் பெட்ஸ் 1920இல் காட்டினார். வாட்டி வளைத்த பிளாஸ்டிக் இறக்கைகள் நூற்றில் 20 பங்கு எடுத்தாலே பெரிது. அதிலும் பாதியைச் சங்கிலியும் டைனமோவும் வெப்பமாகத் தின்றுவிடும். மிஞ்சுவது 10 வாட். வில்லியத்தின் முதல் காற்றாலை 12 வாட் தந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நம் தோராயக் கணக்கு அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது!

வேகம் இரு மடங்கானால் என்ன ஆகும்? நொடிக்குப் போகும் காற்றின் நிறை இரு மடங்காகும். வேகத்தின் இருமடி நான்கு மடங்காகும். ஆகக் காற்றின் திறன் எட்டு மடங்கு. வேகம் பாதியானால் எட்டில் ஒன்று. காற்றாலை அமைப்பவர்கள் ஒரு மீட்டர் வேகத்துக்காக மலைக்கணவாய்களைத் தேடி அலைவது இதனால்தான். வில்லியமும் பின்னர்க் கோபுரத்தை 12 மீட்டருக்கு உயர்த்தினான். தரையும் மரங்களும் கீழ்க்காற்றை உராய்ந்து தடுக்கின்றன. மேலே போகப் போக வேகம் கூடும். வேகம் எட்டில் ஒரு பங்கு கூடினாலே திறன் நூற்றுக்கு 40 பங்குக்குமேல் உயர்ந்துவிடும்.

படம் சொல்வதும் கணக்கு சொல்வதும்

இப்போது அந்தச் சிக்கலுக்கு வருவோம். படத்தின் உச்சக்கட்டத்தில், பஞ்சத்தின் நடுவே, தந்தை தன் சைக்கிளைத் தர மறுக்கிறார். முன்னர் மகன் செய்த சிறு மாதிரியையும் உடைத்தவர் அவர். கடைசியில் மனம் மாறுகிறார். ஊரார் கூடிக் கோபுரம் எழுப்புகிறார்கள். விசிறி சுழல்கிறது, மின்கலம் ஏறுகிறது, பம்பு இயங்கிக் கிணற்று நீர் வறண்ட வயலில் பாய்கிறது. பசி தீர்கிறது. கண்ணில் நீர் வராமல் அந்தக் காட்சியைப் பார்ப்பது கடினம். ஆனால் 12 வாட்டால் அது நடக்குமா?

காற்று ஒரு நொடியும் நிற்காமல் 24 மணி நேரமும் வீசினால் 12 வாட் காற்றாலை நாளொன்றுக்குத் தருவது ஏறத்தாழ 10 இலட்சம் ஜூல். 10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து ஒரு லிட்டர் நீரை மேலேற்றக் குறைந்தது 100 ஜூல் வேண்டும். எனவே இழப்பே இல்லாவிட்டால் 10,000 லிட்டர். சிறிய பம்பு பாதியை வீணாக்கும்: 5,000. காற்று நாள் முழுதும் ஒரே சீராக வீசாது; மூன்றில் ஒரு பங்கு நேரம் வீசினால் 2,000 லிட்டரைக்கூட எட்டாது. வெயில் காலத்தில் மக்காச்சோளத்துக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று கொண்டால், ஓர் ஏக்கருக்கு 20,000 லிட்டர். ஆகவே இந்தக் காற்றாலை நனைக்கக்கூடியது அதிகமாகப் போனால் பத்து சென்ட் நிலம்.

பத்து சென்ட்டில் என்ன விளையும்? ஏக்கருக்கு ஒரு டன் விளைச்சல் என்றால் 100 கிலோ. ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பம் ஒரு மாதம் உண்ணலாம். பஞ்சத்தில் ஒரு மாதம் என்பது சிறிய காலமன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 100 கிலோ கைக்கு வர மூன்று நான்கு மாதங்கள் ஆகும். பசித்தவனுக்கு அது உதவாது.

உண்மையில் நடந்தது வேறு. 2001ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கொடும்பசி, 2002 தொடக்கத்தில் வயலில் இளங்கதிர்கள் முற்றத் தொடங்கியபோதுதான் தணிந்தது. அதுவரை அந்த வீட்டைத் தாங்கியது தாயின் கைத்தொழில். கிடைத்த கொஞ்சம் மாவில் பணியாரம் சுட்டுக் கடைத்தெருவில் விற்பார். வந்த காசில் மறுநாளைக்கு மாவு வாங்கியதுபோக மிஞ்சியதே வீட்டாரின் அந்த ஒரு வேளை உணவு. வில்லியம் புத்தகத்தைக் கண்டதும், கோபுரம் எழுப்பியதும் பசி தணிந்தபின், 2002இல். அதைத் தூண்டியது பசியின் நினைவு. நீர் இறைத்தால் ஆண்டுக்கு இரு போகம் விளைவிக்கலாமே என்ற எண்ணம் அவனுக்கு இருந்தது உண்மை. ஆனால் அந்த முதல் காற்றாலை தந்தது வெளிச்சம். நான்கு சிறு விளக்குகளும் இரண்டு வானொலிப் பெட்டிகளும் அதில் இயங்கின. 2007இல் தான்சானியா நாட்டு அருஷா நகரில் ஓர் உலக மேடையில் பேசியபோதுகூட, நீர் இறைக்க இனிமேல்தான் இன்னொரு காற்றாலை அமைக்கப்போவதாக அவர் கூறினார்.

திரைப்படத்துக்கு ஒரு முடிச்சும் அவிழ்ப்பும் வேண்டும். இயக்குநரைக் குறை சொல்லிப் பயனில்லை. எனினும் எனக்கு ஓர் அச்சம் உண்டு. கெட்டிக்காரச் சிறுவன் ஒருவன் இருந்தால் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று பார்ப்பவர் நினைத்துவிட்டால், விற்கப்பட்ட தானியக் கையிருப்பைப் பற்றி யார் கேட்பது? நாள் முழுதும் சுழன்று அந்தக் காற்றாலை தரும் 10 இலட்சம் ஜூல் என்பது 70 கிராம் மக்காச்சோள மாவில் அடங்கியிருக்கும் ஆற்றல். ஒரு பிடி மாவு! ஒரு சிறுவன் உயிரோடிருக்க அவன் செய்தது போன்ற பத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுழல வேண்டும். பசிக்கு மருந்து உணவு. அதைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு 14 வயதுப் பையனுடையதன்று.

அப்படியானால் 12 வாட்டுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, வேறோர் இடத்தில். திரிவிளக்கு ஒன்று மண்ணெண்ணெயை எரித்து நூறு வாட்டுக்குக் குறையாமல் வெப்பத்தைக் கொட்டிவிட்டு, படிக்கப் போதாத மங்கலான ஒளியையும் கண்ணைக் கரிக்கும் புகையையும் தரும். 12 வாட் மின்விளக்கு அதைப்போலப் பத்து மடங்கு ஒளியைப் புகையின்றித் தரும். அதற்கு எண்ணெய்க் காசும் இல்லை. அந்தச் சிற்றூரில் பொழுது சாய்ந்தால் நாள் முடிந்துவிடும். வில்லியத்தின் வீட்டிலோ இரவில் புத்தகம் திறந்தது. கைபேசிக்கு மின்னேற்றம் செய்ய ஊரார் அவன் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள்.

படத்தில் இடம் பெறாத ஒன்றை நான் மிகவும் வியக்கிறேன். அவன் வீட்டுக் கூரை வைக்கோல் வேய்ந்தது. கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பொறி பறந்தால் வீடே போய்விடும். எனவே மின்கலத்திலிருந்து விளக்குகளுக்குச் செல்லும் வழியில் ஒரு மின்சுற்று முறிப்பானைத் தானே செய்தான். புத்தகத்தில் கண்ட மின்மணியின் படம்தான் வழிகாட்டி. இரண்டு ஆணிகளில் செம்புக் கம்பியைச் சுற்றி இரண்டு மின்காந்தங்கள். நடுவே ஒரு சிறு காந்தம். மின்னோட்டம் அளவோடு இருக்கும்வரை காந்தம் தன் இடத்தில் இருக்கும். கம்பிகள் தொட்டு மின்னோட்டம் திடீரென்று பெருகினால் ஒரு மின்காந்தம் தள்ள, மற்றது இழுக்க, காந்தம் விலகிச் சுற்றைத் துண்டித்துவிடும். சுவரில் மாட்டும் சுவிட்சையும் பழைய ரப்பர்ச் செருப்பை அறுத்துச் செய்தான். விளக்கை எரியவைத்தவன் ஆர்வக்காரன். முறிப்பானைச் செய்தவனைத்தான் நான் பொறியாளன் என்பேன்.

செய்தியாளர்கள் அவனைக் கண்டுகொண்டது 2006இல். பள்ளியை விட்டு ஐந்தாண்டுகளுக்குப் பின், தன்னைவிட இளையவர்களோடு மீண்டும் வகுப்பில் அமர்ந்தார். 2014இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றார். படம் சான்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, அறிவியலைச் சித்திரிக்கும் படத்துக்கான ஸ்லோன் பரிசையும் பெற்றது.

தண்ணீரும் வந்துசேர்ந்தது. அவர் ஊரில் அமைத்த ஆழ்கிணற்றுப் பம்பு சூரிய ஒளியால் இயங்குவது. நண்பகல் வெயிலில் ஒவ்வொரு சதுர மீட்டர்மேலும் ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. மின்தகடு அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை மட்டுமே மின்சாரமாக்கினாலும் சதுர மீட்டருக்கு 150 வாட். மழையில்லாத மாதங்களில் மேகமும் இராது. ஆகவே நீர் மிகுதியாக வேண்டிய நாட்களில்தான் அந்தப் பம்பும் மிகுதியாக இறைக்கிறது.